48.8584, 2.2945: மேப்பில் ஆள்கூறு போட்டு இடம் கண்டுபிடிக்கும்போது எங்கே பிசகுகிறது?

இடத்தின் பெயரைத் தப்பாகத் தட்டினால் மேப் மென்பொருள் "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். ஆள்கூற்றைத் தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாது. வரம்புக்குள் எந்த இரண்டு எண்ணைக் கொடுத்தாலும் பூமியில் அதற்கு ஒரு புள்ளி இருக்கும். அங்கே ஒரு சிவப்பு பின்னைக் குத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும். அது சரியான இடமா என்று பார்க்கும் வேலை முழுக்க நம்முடையது.

ஆள்கூறு, ஆயத்தொலைவு, கோஆர்டினேட் என்று எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான்: நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே தெற்கே எவ்வளவு என்பது அட்சரேகை, லண்டனில் உள்ள கிரீன்விச் பக்கத்துப் பூஜ்ஜியக் கோட்டிலிருந்து கிழக்கே மேற்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. அட்சரேகை −90 முதல் 90 வரை, தீர்க்கரேகை −180 முதல் 180 வரை. இந்தப் பதிவு முழுக்க ஒரே இடத்தை வைத்துக்கொள்கிறேன்: பாரிஸில் உள்ள ஈஃபில் கோபுரம், 48.8584, 2.2945. இந்த எண்களில் எங்கே கை தவறினால் கோபுரம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், உங்கள் பின் தப்பான இடத்தில் விழும்போது காரணத்தை நீங்களே பிடித்துவிடலாம்.

போடுவதும் எடுப்பதும்

கூகுள் மேப்ஸின் தேடல் பெட்டியில் 48.8584, 2.2945 என்று தட்டி என்டர் அழுத்தினால் போதும். முதலில் அட்சரேகை, ஒரு காற்புள்ளி, பிறகு தீர்க்கரேகை. ஆப்பிள் மேப்ஸ், பிங் மேப்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆகியவற்றின் தேடல் பெட்டியிலும் இதே வரிசைதான். கூகுள் எர்த் ப்ரோவில் இடது பக்கத்துத் தேடல் பெட்டி. ஆள்கூறு எந்த வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதை அதன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், 3டி வியூ என்ற தாவலில் மாற்றிக்கொள்ளலாம்.

மேப்பிலிருந்து ஆள்கூற்றை எடுக்க, கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து அந்த இடத்தில் வலது கிளிக் செய்யுங்கள். மெனுவின் முதல் வரியே ஆள்கூறு. அதன்மேல் ஒரு கிளிக், காப்பி ஆகிவிடும். ஃபோனில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பின் விழும், அதன் விவரத்தில் எண்கள் இருக்கும்.

பலர் இதை விட்டுவிட்டு முகவரிப் பட்டையில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் எண்களை எடுக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். அது திரையின் நடுப்புள்ளி. மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினாலே அது மாறிவிடும், பின் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு இடத்தைத் திறந்து வைத்திருக்கும்போது வரும் நீளமான முகவரியில், ஆச்சரியக்குறியும் 3டி என்பதும் சேர்ந்து வரும் இடத்துக்குப் பின்னால் இருப்பது அட்சரேகை. ஆச்சரியக்குறியும் 4டி என்பதும் வருவதற்குப் பின்னால் இருப்பது தீர்க்கரேகை. அவைதான் இடத்தின் உண்மையான எண்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் முகவரியின் கடைசியில் வரும் 17/48.8584/2.2945 என்பதும் திரையின் நடுதான். அதில் முதல் எண் ஜூம் அளவு, ஆள்கூறு அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

மூன்று எழுத்து முறைகள்

தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்:

48.8584, 2.2945 (தசம டிகிரி)
48° 51.504', 2° 17.670' (டிகிரியும் தசம நிமிடமும்)
48° 51' 30.24", 2° 17' 40.2" (டிகிரி, நிமிடம், விநாடி)

இந்த நிமிடமும் விநாடியும் கடிகாரத்தில் வருபவை அல்ல. டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு நிமிடம், அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு விநாடி. பாகை, கலை, விகலை என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் வைத்திருக்கும் சொற்கள் இதற்கு எவ்வளவோ பொருத்தம். நேரத்தோடு குழம்பாது. ஆனாலும் எல்லோரும் டிகிரி, நிமிடம் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கடைசி வடிவத்திலிருந்து தசமத்துக்கு மாற்ற: டிகிரி + (நிமிடம் ÷ 60) + (விநாடி ÷ 3600). கோபுரத்துக்கு 51 ÷ 60 = 0.85, 30.24 ÷ 3600 = 0.0084. கூட்டினால் 48.8584. இது கஷ்டமான கணக்கே இல்லை. கணக்கே போடாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. 48° 51' 30" என்பதை அப்படியே 48.5130 என்றும், 2° 17' 40" என்பதை 2.1740 என்றும் எழுதிவிடுகிறார்கள். பின் கோபுரத்திலிருந்து சுமார் 39 கிலோமீட்டர் தெற்கே போய் விழுகிறது. ஜூம் அவுட் செய்து பார்த்தால் பாரிஸ் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வேறு கண்டத்தில் போய் விழுகிற தவறை உடனே பிடித்துவிடலாம். இதைப் பிடிப்பது கஷ்டம்.

நூறு இருநூறு இடங்களின் பட்டியல் கையில் இருந்தால் இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். உண்மையான தசம எண்களாக இருந்தால், இடங்கள் ஓரளவு பரவலாக இருக்கும்போது 00 முதல் 99 வரை எல்லாம் கலந்து வரும். ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால், அவை தசம வேடம் போட்ட நிமிடங்கள். அடுத்த இரண்டு இலக்கங்களும் 59-க்குள் அடங்கினால் சந்தேகமே வேண்டாம். இடங்கள் எல்லாம் ஒரே ஊருக்குள் என்றால் இந்தச் சோதனை உதவாது.

நடு வடிவத்தில் இன்னொரு சறுக்கல். 48° 51.504' என்பதை 48° 51' 50.4" என்று படித்துவிட்டால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப் போகும். கார்மின் ஜிபிஎஸ் கைக்கருவிகள் வழக்கமாக இந்த வடிவத்தில்தான் காட்டும், கடல் வரைபடங்களிலும் இதுதான் புழக்கம். அதனால் கருவியின் திரையைப் பார்த்துத் தாளில் எழுதும்போதே நிமிடத்தின் புள்ளியை அழுத்தமாக எழுதுங்கள். ஜிபிஎஸ் கருவி வெளியிடும் மூல வரிகளில் இதே வடிவம் இடைவெளிகூட இல்லாமல் 4851.504 என்றும் 00217.670 என்றும் வரும். முதல் இரண்டு இலக்கம் (தீர்க்கரேகையில் மூன்று) டிகிரி, மீதி முழுவதும் நிமிடம். இதை நூறால் வகுத்துவிட்டுத் தசம டிகிரி கிடைத்துவிட்டது என்று நினைப்பது, புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் தவறாமல் விழும் குழி.

எனக்குப் பிடித்த முறை தசம டிகிரிதான். சிறப்புக் குறி எதுவும் வேண்டாம், எக்செல்லில் கூட்டலாம் கழிக்கலாம், எந்த மென்பொருளும் ஏற்கும். மற்ற இரண்டு வடிவங்களைப் பார்த்தவுடனே மாற்றி வைத்துவிடுவது நல்லது.

குறிகள் செய்யும் தொல்லை

எண்கள் சரியாக இருந்தும் பெட்டி ஏற்க மறுத்தால், பெரும்பாலும் குறிதான் காரணம். பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ காப்பி செய்யும்போது நேரான ' மற்றும் " குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறியிருக்கும். கழித்தல் குறியின் இடத்தில் நீளமான கோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். டிகிரி வட்டத்துக்குப் பதிலாக, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறொரு சின்ன வட்டம் இருக்கும். கண்ணுக்கே தெரியாத இடைவெளி எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வரும். குறிகளை எல்லாம் அழித்துவிட்டு எண்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் விட்டு 48 51 30.24, 2 17 40.2 என்று கையால் தட்டுங்கள். கூகுள் மேப்ஸ் ஏற்றுக்கொள்ளும்.

ஐரோப்பாவில் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 48,8584, 2,2945 என்று வந்தால் மென்பொருளுக்கு எது எல்லை, எது தசமம் என்று புரியாது. புள்ளியாக மாற்றிவிட்டுப் போடுங்கள்.

திசை எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில 'ஓ' எழுத்து பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் மேற்கைக் குறிக்கும். ஜெர்மனில் அதே எழுத்து கிழக்கு. பழைய ஆவணத்தில் அந்த எழுத்தைப் பார்த்தால் முதலில் ஆவணத்தின் மொழியைப் பாருங்கள்.

கழித்தல் குறி

தெற்கும் மேற்கும் கழித்தல். ஈஃபில் கோபுரம் கிழக்கில் இருப்பதால் இரண்டு எண்ணும் கூட்டல். தீர்க்கரேகைக்கு முன்னால் தப்பாக ஒரு கழித்தல் விழுந்தால் கோபுரம் 336 கிலோமீட்டர் மேற்கே, பிரான்சின் வடமேற்குக் கரையை ஒட்டிய கடலுக்குள் நிற்கும். சிட்னி ஓபரா ஹவுஸ் −33.8568, 151.2153. அதில் கழித்தலை விட்டால் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடல். பூமியில் பெரும்பகுதி கடல் என்பதால் குறித் தவறு வழக்கமாக நீலத்தில்தான் போய் விழும். பின் கடலில் விழுந்தால் முதலில் குறியைப் பாருங்கள், அடுத்து வரிசையை.

டிகிரி, நிமிடம், விநாடியில் எழுதிய தெற்கு, மேற்கு எண்களை மாற்றும்போது கவனம் வேண்டும். −33° 51' 24.5" என்பதில் கழித்தல் மொத்தத்துக்கும் சேரும். முதலில் கூறுகளைக் கூட்டி 33.8568 என்று ஆக்கிவிட்டு, பிறகு கழித்தலைப் போட வேண்டும். −33-உடன் நிமிடத்தைக் கூட்டினால் −32.1432 வரும். 190 கிலோமீட்டர் போய்விட்டது. டிகிரி 0 ஆக இருக்கும் இடங்களில் இது இன்னும் மோசம். லண்டனின் மேற்குப் பகுதி முழுக்க −0 டிகிரி சில நிமிடங்கள் என்ற வகை. எக்செல்லில் டிகிரிக்குத் தனி நெடுவரிசை வைத்தால் −0 என்பது வெறும் 0 ஆகிவிடும், மேற்கு கிழக்காகும். திசைக்கு ஒரு தனி நெடுவரிசை வைத்து, கடைசியில் 1 அல்லது −1 ஆல் பெருக்குவதுதான் பாதுகாப்பு. ஃபோட்டோக்களுக்குள் பதியும் இடத்தகவலிலும் எண்ணும் திசையும் தனித்தனிப் பெட்டியில்தான் இருக்கும். எண்ணை மட்டும் எடுக்கும் நிரல், தெற்கு மேற்குப் படங்களை எல்லாம் எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் போடும்.

வரிசை: யார் முதலில்?

மனிதர்கள் தட்டும் பெட்டிகளில் அட்சரேகை முதலில். தரவுக் கோப்புகளில் பெரும்பாலும் தீர்க்கரேகை முதலில். கணிதத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதும் பழக்கம்தான் காரணம்: கிழக்கு மேற்கு எக்ஸ், வடக்கு தெற்கு ஒய். ஜியோஜேசன், கேஎம்எல் என்ற மேப் கோப்பு வடிவங்கள், போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளம் எல்லாவற்றிலும் 2.2945, 48.8584 என்றுதான் எழுத வேண்டும். கேஎம்எல்லில் மூன்றாவதாக உயரமும் வரும். இணைய மேப் நூலகங்களில் லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும், மேப்பாக்ஸ் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இரண்டையும் ஒரே திட்டத்தில் பயன்படுத்துகிறவர்கள் இதை ஒட்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

வரிசை மாறினால் ஈஃபில் கோபுரம் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் மிதக்கும். சிட்னியை மாற்றிப் போட்டால் அட்சரேகை 151 என்று ஆகிவிடும். 90-க்கு மேல் அட்சரேகை கிடையாது என்பதால் மென்பொருளே பிழை காட்டும். இரண்டு எண்ணும் 90-க்குள் இருக்கும் இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

எத்தனை தசம இடம் வேண்டும்?

ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். அதனால் இரண்டு தசம இடம் என்றால் 1.1 கிலோமீட்டர் படி, மூன்று என்றால் 111 மீட்டர், நான்கு 11 மீட்டர், ஐந்து 1.1 மீட்டர், ஆறு 11 சென்டிமீட்டர். தீர்க்கரேகையில் துருவத்தை நோக்கிப் போகப் போக இந்த அளவு சுருங்கும். ஈஃபில் கோபுரம் இருக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரி 73 கிலோமீட்டர்தான்.

கோபுரத்தை 48.86, 2.29 என்று சுருக்கினால் பின் சுமார் 370 மீட்டர் தள்ளி, சென் நதியின் எதிர்க்கரைக்குப் போய்விடும். அதே சமயம் ஃபோனிலிருந்து காப்பி செய்த 14 தசம இடங்களை அப்படியே வைத்துக்கொள்வதிலும் அர்த்தமில்லை. திறந்த வெளியில் ஃபோனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லும், கட்டடங்களுக்கு நடுவே அதுவும் இல்லை. ஒரு கதவையோ கிணற்றையோ காட்ட ஐந்து போதும். ஆறுக்கு மேல் நில அளவையாளர்களுக்குத்தான் தேவை.

எக்செல் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்யும். கலத்தில் இரண்டு தசமம் மட்டும் தெரிகிற மாதிரி ஃபார்மேட் செய்திருந்தால், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) ஆகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதைத்தான் எழுதும், உள்ளே இருக்கும் முழு எண்ணை எழுதாது. சேமிப்பதற்கு முன் இரண்டு நெடுவரிசைக்கும் ஆறு தசமம் வைத்துவிடுங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினாலும் பட்டியல் முழுக்கப் போச்சு: ஒவ்வொரு அட்சரேகையும் வேறு யாருடைய தீர்க்கரேகையுடனோ ஜோடி சேர்ந்திருக்கும்.

எண் சரி, பின் மட்டும் நூறு மீட்டர் தள்ளி

வடிவம், குறி, வரிசை எல்லாம் சரிபார்த்த பிறகும் எல்லாப் புள்ளியும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தூரம் தள்ளி விழுந்தால், அது டேட்டம் விவகாரம். பூமியின் வடிவத்தையும் நடுப்புள்ளியையும் எப்படி எடுத்துக்கொண்டு அளந்தார்கள் என்பதுதான் டேட்டம். ஜிபிஎஸ்ஸும் இன்றைய இணைய மேப்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்பதை வைத்து இயங்குகின்றன. பழைய தாள் வரைபடங்கள் அந்தந்த நாட்டின் டேட்டத்தில் இருக்கும். ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்தில் எடுத்த எண்களை இன்றைய மேப்பில் அப்படியே போட்டால் 400 மீட்டருக்கு மேல் விலகும்.

இதற்குக் கண்கூடான சாட்சி கிரீன்விச். அங்கே வானாய்வகத்தில் பூஜ்ஜியத் தீர்க்கரேகை என்று பதித்திருக்கும் கோட்டின்மேல் நின்று ஃபோனைப் பார்த்தால் 0 காட்டாது, −0.0015 போலக் காட்டும். இன்றைய பூஜ்ஜியம் 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் தொலைநோக்கியை அந்த இடத்தின் புவியீர்ப்புத் திசையை வைத்து நிமிர்த்தி அளந்தார்கள். இப்போது பூமியின் மையத்தை வைத்து அளக்கிறோம். இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை.

சீனா தனி விஷயம். அங்கே மேப்கள் ஜிசிஜே-02 என்ற, வேண்டுமென்றே எண்களைத் திரித்த முறையில் வெளியாகின்றன. ஜிபிஎஸ் எண்ணைப் போட்டால் சாலை மேப்பில் சில நூறு மீட்டர் விலகி விழும். விலகல் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்யவும் முடியாது. அதற்கென்று உள்ள மாற்று நிரல்தான் வழி.

ஆறு இலக்கம், ஏழு இலக்கம் வந்தால்

டிகிரிக்குப் பதிலாக 448 ஆயிரம், 54 லட்சம் என்ற அளவில் எண்கள் வந்தால் அவை மீட்டர்கள், பெரும்பாலும் யுடிஎம். உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மீட்டரில் அளப்பது இந்த முறை. மண்டல எண் இல்லாவிட்டால் இந்த எண்களுக்கு மதிப்பே இல்லை. ஈஃபில் கோபுரம் 31-ஆம் மண்டலம். அதே மீட்டர் எண்களை 32-இல் போட்டால் 440 கிலோமீட்டர் கிழக்கே, ஜெர்மனிக்குள் விழும். மண்டலம் தெரியாமல் இடம் தோராயமாகத் தெரிந்தால், தீர்க்கரேகையுடன் 180 கூட்டி, 6 ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து 1 கூட்டுங்கள். நார்வேயின் தென்மேற்கிலும் ஸ்வால்பார்டிலும் மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. மண்டல எண்ணை ஒட்டி ஆங்கில 'எஸ்' எழுத்து வந்தால் தெற்கு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 32 முதல் 40 டிகிரி வடக்கு வரை உள்ள பட்டைக்கும் அதே எழுத்துதான்.

க்யூஜிஐஎஸ்ஸில்

க்யூஜிஐஎஸ் என்பது மேப் தயாரிக்கும் மென்பொருள். அதன் கீழே உள்ள ஆள்கூறு பெட்டியில் டிகிரி எண்களைத் தட்டினால், பல பேருக்கு ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் கொண்டுபோய் நிறுத்தும். காரணம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியைச் சேர்க்கும்போது திட்டத்தின் ஆள்கூற்று முறை 3857 என்றாகியிருக்கும். அது மீட்டரில் பேசும் முறை. உங்கள் 2.2945-ஐ 2.2945 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, 0, 0 புள்ளியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் போய் நின்றுவிடும். வலது மூலையில் இருக்கும் எண்ணைக் கிளிக் செய்து 4326 (டிகிரியில் பேசும் முறை) என்று மாற்றிவிட்டு, பெட்டி எண்களைக் காட்டும் அதே வரிசையில் தட்டுங்கள்.

சிஎஸ்வி பட்டியலை ஏற்ற, லேயர் மெனுவில் டிலிமிடட் டெக்ஸ்ட் லேயரைச் சேர்க்கும் கட்டளை இருக்கிறது. எக்ஸ் புலத்துக்குத் தீர்க்கரேகை, ஒய் புலத்துக்கு அட்சரேகை, ஆள்கூற்று முறை 4326. நிமிட விநாடியில் இருக்கும் பட்டியலை அப்படியே ஏற்ற அங்கேயே ஒரு டிக் பெட்டி உண்டு. ஏற்றியதும் லேயர் முழுவதும் தெரியும்படி ஜூம் செய்யுங்கள். தவறான வரிகள் கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும். 0, 0-வில் ஒரு புள்ளி தெரிந்தால், பட்டியலில் ஆள்கூறு இல்லாத ஏதோ ஒரு வரியில் வெற்றிடத்துக்குப் பதில் பூஜ்ஜியம் இருக்கிறது என்று அர்த்தம்.

பின் விழுந்த பிறகு

சாட்டிலைட் காட்சிக்கு மாறி, பின்னின் நுனி எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். சாலை மேப்பில் வெறும் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ஒன்றும் புரியாது. அடுத்து அதே எண்களை வேறொரு மென்பொருளில் போடுங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால், எண்ணைப் படித்த விதம் ஒன்று என்பது உறுதி. மூல எண்ணே தவறா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோயில், பாலம், சந்திப்பு என்று அடையாளம் ஒன்றைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

வழிகாட்டலைத் தொடங்கும் முன் நீலக்கோடு எங்கே முடிகிறது என்று கடைசி வரை பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் பின்னுக்கு மிக அருகில் இருக்கும் சாலையில் கொண்டுபோய் விடும். அந்தச் சாலை ஆற்றின் மறுகரையிலோ நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்திலோ இருந்தாலும் அதற்கு அதுதான் அருகில். அப்படி இருந்தால் பின்னை நுழைவாயிலுக்கு நகர்த்தி, அந்தப் புள்ளியின் ஆள்கூற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு அனுப்பும்போது இரண்டையும் அனுப்புங்கள்: இடத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, ஐந்து தசமம், அட்சரேகை முதலில், கூடவே ஊர்ப் பெயர்.